கம்ப்யூட்டர் பார்த்த கண் படத்தை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. ஊரில் நடந்த முகாமில் கண்ணுக்குள் படம் எடுத்து, டாக்டர் யாரும் பார்க்காமல், சில நிமிடங்களில் கம்ப்யூட்டரே 'பாதிப்பு இல்லை' என்று தாள் கொடுத்திருக்கிறது. அதை நம்பலாமா என்பது ஒன்று. அதே படத்தை வைத்து மாரடைப்பு வருமா என்றுகூடச் சொல்லிவிடலாமாமே, அப்பாவுக்கு அதையும் பார்த்துவிடலாமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். முதலாவது, இன்று கண்ணில் இருப்பதைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது, நாளை உடம்பில் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வது. படம் ஒன்றுதான், ஆனால் இந்த இரண்டு வேலைகளின் நம்பகமும் ஒன்றல்ல. இவற்றுக்கு அடியில், நீங்கள் வாய்விட்டுக் கேட்காத மூன்றாவது கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அப்பா இனி கண் டாக்டரிடம் போகாமல் இருக்கலாமா? அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் விழித்திரை மருத்துவன். 22 வருடமாகச் சர்க்கரை நோயாளிகளின் கண்களைப் பார்த்து வருகிறேன். அதில் சில வருடங்கள், சுற்றுவட்டார முகாம்களிலிருந்து வரும் படங்களை ஒரு அறையில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் வேலையும் செய்திருக்கிறேன். இப்போது மென்பொருள் செய்வது அந்த வேலையைத்தான். அப்பாவின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருடைய கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. அந்தத் தாள் எப்படித் தயாரானது, அதற்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைச் சொல்ல முடியும்.

உடம்பைக் கிழிக்காமல், ஊசி போடாமல், ரத்தக் குழாய்களை நேரடியாகக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. கண்ணின் பின்சுவரில் படர்ந்திருக்கும் அந்த மெல்லிய படலத்தை, நம் மக்கள் பொதுவாக 'கண் நரம்பு' என்பார்கள். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் போனால் அங்கே உள்ள நுண்ணிய குழாய்களின் சுவர் வலுவிழக்கிறது. ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புடைப்புகள் வரும். பிறகு கசிவு, மஞ்சள் நிறத்தில் கொழுப்புப் படிவு, சின்னச் சின்ன ரத்தத் திட்டுகள். ரத்த ஓட்டம் குறைந்த இடங்களில் பஞ்சு ஒட்டியது போல வெளுத்த திட்டுகள். கடைசியில், ஓட்டம் இல்லாத குறையை ஈடுகட்ட, நோஞ்சானான புதுக் குழாய்கள் முளைக்கும். அவை உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். இதில் கொடுமை என்னவென்றால், கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்புவரைகூடப் பார்வை முழுதாக இருக்கலாம். மளிகைக்கடைக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். "கண்ணு நல்லாத்தான் தெரியுது டாக்டர், மருமக நச்சரிச்சான்னு வந்தேன்" என்றார். கடைசி வரி எழுத்துவரை இரண்டு கண்ணாலும் படித்தார். வலது கண்ணில் புதுக் குழாய்கள் விசிறிபோலப் பரவியிருந்தன. அந்த வாரமே லேசர் தொடங்கினோம். இன்றும் கடைக் கணக்கை அவரே எழுதுகிறார். மருமகள் நச்சரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

தகுந்த நேரத்தில் லேசர் செய்தால் கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கலாம் என்பது 1976-லேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் நிரூபணமாகிவிட்டது. இப்போது கண்ணுக்குள் போடும் ஊசிகளும் உண்டு. வைத்தியம் இருக்கிறது. அந்த வைத்தியத்துக்குரிய ஆளை நேரத்தில் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. சென்னையில் நடந்த இரண்டு மக்கள்தொகை ஆய்வுகளில், சர்க்கரை உள்ள 100 பேரில் ஏறக்குறைய 18 பேருக்கு விழித்திரையில் ஏதோ ஒரு கட்டப் பாதிப்பு இருந்தது. இத்தனை பேரின் கண்ணையும் வருடாவருடம் விழித்திரை மருத்துவரே பார்ப்பது நடக்காத காரியம். படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாமே என்ற எண்ணம் அந்த நெருக்கடியில்தான் பிறந்தது.

2016 இறுதியில் கூகுள் ஆராய்ச்சிக் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்த 1,28,175 விழித்திரைப் படங்களை வைத்து மென்பொருளைப் பழக்கியிருந்தார்கள். மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அந்த மூன்றில் அடக்கம். 'சிவப்புப் புள்ளியைத் தேடு, மஞ்சள் படிவைத் தேடு' என்று அதற்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. படத்தையும், மருத்துவர்கள் அதற்குக் கொடுத்த தரத்தையும் மட்டும் கொடுத்தார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதை அது தானாகவே பிடித்துக்கொண்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் வேறொன்று. தரம் பிரித்த மருத்துவர்கள் 54 பேர். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறைவரை வெவ்வேறு பேர் பார்த்தார்கள். காரணம், ஒரே படத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஒரே தரம் கொடுப்பதில்லை. லேசான பாதிப்பா, நடுத்தரமா என்ற எல்லையில் நிற்கும் படங்களில் நானே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லியிருப்பேன். 'டாக்டர் யாரும் பார்க்கவில்லையே' என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் டாக்டர் பார்த்தால் தவறே வராது என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கை சரியல்ல.

சேமித்து வைத்த படங்களில் நன்றாகச் செய்வது எளிது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் மனிதர்களிடம் செய்ய வேண்டும். அந்தச் சோதனை அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நடந்து, 2019-ல் முடிவுகள் வெளியாயின. மொத்தம் 3,049 நோயாளிகள். நடுத்தரம் அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்பு உண்மையிலேயே இருந்தவர்களில், படத்தைத் தனித்தனியாகப் பார்த்த மனிதர்கள் கண்டுபிடித்தது, ஆளுக்கு ஆள் மாறுபட்டு, 73.4 முதல் 89.8 சதவீதம். மென்பொருள் அரவிந்தில் 88.9, சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதம் கண்டுபிடித்தது. அந்த அளவுப் பாதிப்பு இல்லாதவர்களைச் சரியாக 'இல்லை' என்று விட்டது முறையே 92.2, 95.2 சதவீதம். மூன்று விழித்திரை நிபுணர்கள் கலந்து பேசி எடுத்த முடிவை அளவுகோலாக வைத்து வந்த எண்கள் இவை. நம் ஊர் மக்களின் கண்களில் எடுத்த எண்கள் என்பதால் இவற்றை நான் நம்பிச் சொல்கிறேன். உங்கள் முகாமில் இருந்தது இதே மென்பொருளா வேறா என்பது தாளைப் பார்த்தால்தான் தெரியும். சந்தையில் பல இருக்கின்றன. டாக்டர் பார்க்காமலே முடிவு சொல்லும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. ஆகவே டாக்டர் இல்லாமல் தாள் வந்தது என்பதற்காகவே அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இந்தச் சதவீதங்களை உங்கள் வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். முகாமுக்கு 1,000 சர்க்கரை நோயாளிகள் வந்தார்கள் என்றும், அவர்களில் 100 பேருக்கு மேல்சிகிச்சை தேவைப்படும் பாதிப்பு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் வைத்த எண். கருவி 90 சதவீதம் பிடிக்கும், இல்லாதவர்களில் 92 சதவீதம் பேரைச் சரியாக விடும் என்றால், 90 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் தவறிப்போவார்கள். பாதிப்பு இல்லாத 900 பேரில் 72 பேருக்கு வீணாக 'பாதிப்பு உண்டு' என்று வரும். ஆக 'உண்டு' என்று தாள் வாங்கிய 162 பேரில் உண்மையில் உள்ளவர் 90 பேர்தான். அதனால்தான் 'பாதிப்பு உண்டு' என்று வந்தவர்களை நான் பதறாமல் வரச் சொல்வேன். உங்கள் அப்பாவைப் போல 'இல்லை' என்று வாங்கியவர்கள் 838 பேர். அதில் தவறு 10 பேர். ஏறக்குறைய 84-க்கு ஒன்று. ஒரு முகாமுக்கு இது மோசமில்லை. ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்துவிட்டால்? அவர் அடுத்த வருடமும் படம் எடுத்துக்கொண்டால் தவறியது பிடிபட நல்ல வாய்ப்பு உண்டு. இந்தப் பாதிப்பு பெரும்பாலும் மெதுவாகவே நகரும். ஐந்து வருடம் கழித்து வந்தால் அந்த வாய்ப்பு இல்லை. அந்தத் தாளை இந்த ஒரு வருடத்துக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தத் தாள் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை 'சர்க்கரையால் விழித்திரையில் பாதிப்பு உண்டா' என்ற ஒரே கேள்விக்காகப் பழக்கப்பட்டவை. 'பாதிப்பு இல்லை' என்றால் கண்ணில் வேறு எந்தக் கோளாறும் இல்லை என்று பொருளல்ல. கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். அதற்கு அழுத்தத்தை அளக்க வேண்டும், நரம்பின் முகப்பைப் பார்க்க வேண்டும். முகாமில் எடுக்கும் படம் பொதுவாக விழித்திரையின் நடுப்பகுதியை மட்டும் காட்டும். ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அதில் தெரியாது. இன்னொன்று, நடுப்புள்ளியில் நீர்கோத்து வீங்கியிருந்தால் அது கனம் சம்பந்தப்பட்ட விஷயம். தட்டையான படத்தில் கனம் தெரியாது. அருகில் மஞ்சள் படிவு இருக்கிறதா என்று பார்த்து ஊகிக்கிறோம். உறுதி செய்ய ஓசிடி என்ற ஸ்கேன் வேண்டும். ஆனால் இங்கே ஒரு ஆச்சரியம்: தாய்லாந்து நோயாளிகளின் படங்களை வைத்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், ஓசிடி முடிவுகளைக் கொண்டு பழக்கிய மென்பொருள், வீக்கம் இல்லாதவர்களில் 80 சதவீதம் பேரைத் தட்டைப் படத்திலேயே சரியாக விட்டது. அதே படங்களைப் பார்த்த விழித்திரை நிபுணர்கள் சரியாக விட்டது 45 முதல் 50 சதவீதம்தான். வீக்கம் இருந்தவர்களைப் பிடிப்பதில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது என்பதை இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் நான் மனதார ஒப்புக்கொண்டேன்.

படத்தின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுள் கருவியை வைத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் 'தரம் போதாது' என்று கருவி திருப்பிவிட்டது. நோயாளிகளின் குறையல்ல. அறை போதுமான இருட்டாக இல்லை, கண்ணின் பாப்பா விரியவில்லை, இணையம் இழுவை. நம் முகாம்களிலும் பள்ளிக்கூட வகுப்பறையின் ஜன்னலில் பெட்ஷீட் கட்டித்தான் இருட்டாக்குவோம். 58 வயதில் லேசாகப் புரையும் விழுந்திருந்தால் படம் பனிமூட்டம் போல வரும். எனவே சொட்டு மருந்து விட்டு எடுத்தார்களா, இரண்டு கண்ணுக்கும் முடிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் 'இல்லை' என்றும் மற்றதற்கு 'படம் தெளிவில்லை' என்றும் இருந்தால், அந்த இரண்டாவது கண்ணை யாருமே இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். தெளிவில்லாத படம் வந்தவரை நான் எப்போதும் நேரில் வரச் சொல்வேன். படம் தெளிவாக வராததற்கே ஒரு காரணம் இருக்கும்.

இனி மாரடைப்புக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. 2018 பிப்ரவரியில் கூகுள் குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு அது. 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களைக் கொண்டு பழக்கினார்கள். படத்தை மட்டும் பார்த்து, ஒருவரின் வயதைச் சராசரியாக 3.26 வருட வித்தியாசத்துக்குள் சொல்லிவிட்டது. ஆணா பெண்ணா என்பதையும் கிட்டத்தட்டத் தவறில்லாமல் சொன்னது. 22 வருடம் விழித்திரையைப் பார்த்த என்னால் ஒரு படத்தைப் பார்த்து அது ஆணின் கண்ணா பெண்ணின் கண்ணா என்று சொல்ல முடியாது. அறிவியலாக இது பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து வருடத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வருமா என்பதில் கிடைத்த மதிப்பெண் 0.70. இதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள்: பின்னால் மாரடைப்பு வந்த ஒருவர், வராத ஒருவர் என்று ஜோடி ஜோடியாக 100 முறை காட்டினால், 70 முறை ஆபத்து அதிகமுள்ளவரைச் சரியாகக் காட்டும். காசைச் சுண்டிப் போட்டாலே 50 முறை சரியாக வரும். ஐரோப்பிய மருத்துவர்கள் வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் போன்றவற்றை வைத்து ஏற்கெனவே போட்டுவந்த சாதாரணக் கணக்குக்கு அதே ஆய்வில் கிடைத்தது 0.72.

அதாவது, உங்கள் அப்பாவின் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்து, 'பீடி சிகரெட் உண்டா' என்று கேட்டால் கிடைக்கும் அதே அளவு தகவல்தான் படத்திலிருந்தும் கிடைக்கிறது. படம் பெருமளவு படிப்பதும் வயது, ஆண்-பெண் வேறுபாடு, அழுத்தம், புகை இவற்றின் தடயங்களைத்தான் என்பது என் கருத்து. அவருக்கு 58 வயது என்று தெரிந்துகொள்ளக் கேமரா எதற்கு? மேலும், படத்தில் கணித்து அதன்படி மருந்து கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. அதைச் சோதித்துக் காட்டும்வரை, காசு வாங்கிக்கொண்டு 'கண் படத்தில் இதயப் பரிசோதனை' என்று யாராவது சொன்னால் நான் என் சொந்தத் தகப்பனாருக்கு அதைச் செய்ய மாட்டேன்.

கணிப்பு ஆய்வுகளில் நான் பொதுவாகவே எச்சரிக்கையாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவி நாம் எதிர்பார்க்காத குறுக்குவழியைப் பிடித்துக்கொள்ளும். 2018-ல் நிமோனியாவைக் கண்டுபிடிக்க நெஞ்சு எக்ஸ்ரேக்களைக் கொண்டு பழக்கிய மென்பொருளைச் சோதித்த அமெரிக்க ஆய்வில், அந்த மென்பொருளால் எக்ஸ்ரே எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதையே கண்டுபிடித்துவிட முடிந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் நிமோனியாக்காரர்கள் அதிகம் என்றால், நுரையீரலைப் பார்க்காமல் ஆஸ்பத்திரியை வைத்தே மதிப்பெண் வாங்கலாம். இடம் மாறினால் சாயம் வெளுத்துவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு அடுத்த இரண்டு வருடத்தில் விழித்திரைப் பாதிப்பு தொடங்குமா என்று கணிக்கும் மென்பொருளைப் பற்றி 2021-ல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. அமெரிக்காவில் கண்ணுக்கு மூன்று படம் வைத்துப் பார்த்தபோது 0.79. தாய்லாந்தில் கண்ணுக்கு ஒரு படம் வைத்துப் பார்த்தபோது 0.70. இந்த வகைக் கணிப்பில் எனக்கு உண்மையான நம்பிக்கை உண்டு. யாரை ஆறு மாதத்தில் கூப்பிட வேண்டும், யாரை இரண்டு வருடம் விடலாம் என்று பிரிக்க முடிந்தால், கூட்டத்தில் திணறும் எங்களுக்கு அது பேருதவி. ஆனால் அது வரிசையை ஒழுங்குபடுத்தும் உதவிதான். ஒரு தனி மனிதரிடம் 'உங்களுக்கு வராது' என்று சொல்லும் தகுதி அதற்கு இன்னும் வரவில்லை.

அப்பா இனி டாக்டரிடம் போக வேண்டாமா என்ற அந்த மூன்றாவது கேள்விக்கு இங்கிலாந்தின் அனுபவம் நல்ல பதில். அங்கே 2003-ல் சர்க்கரை நோயாளிகளை வருடந்தோறும் கூப்பிட்டுக் கண் படம் எடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. படங்களைத் தரம் பிரித்தவர்கள் பயிற்சி பெற்ற மனிதர்கள். 2009-10 கணக்கைப் பார்த்தபோது, இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணமாகப் பல பத்தாண்டுகள் இருந்த சர்க்கரை விழித்திரைப் பாதிப்பு அந்த இடத்திலிருந்து இறங்கியிருந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் சேர்ந்துதான் இதைச் செய்தது. இருந்தாலும் எனக்கு அதில் தெரிவது, வருடந்தவறாமல் வீட்டுக்கு வந்த அழைப்புக் கடிதம். வராதவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நம் முகாம்களில் 'பாதிப்பு உண்டு, உடனே வரவும்' என்று நான் எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் வரவே இல்லை. பஸ் செலவு, ஒரு நாள் கூலி, கூட வர ஆளில்லை, 'நல்லாத்தானே தெரியுது'. படத்தைச் சரியாகப் படித்தும் கண் போன கதைகள் இவை. எந்த மென்பொருளும் இதைத் தீர்க்காது.

ஆகவே உங்கள் வீட்டில் அந்தக் கடிதத்தின் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முகாம் தேதியிலிருந்து ஒரு வருடத்தை உங்கள் போனில் குறித்து வையுங்கள். 14 வருடச் சர்க்கரைக்கு, அதற்கு முன்பே ஒரு முறை சொட்டு மருந்து விட்டு முழுக் கண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. கண் அழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிடுவார்கள். மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், கூச்சமெடுக்கும். வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், நீங்களே கூட்டிப் போங்கள். திடீரென்று கண்ணுக்குள் கறுப்பு நூல் மிதப்பது, திரை இறங்கியது போல் மறைப்பது, கதவு நிலை நெளிநெளியாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் வருடம் ஆகவில்லையே என்று காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். இதயத்துக்கு, அவருடைய சர்க்கரை டாக்டரிடமே ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரில் புரதம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தால் நெஞ்சு இறுக்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று அப்பாவிடம் இன்றிரவே கேளுங்கள். கேட்டால் ஒழிய அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

தாளில் கருவியின் பெயர், 'படத்தின் தரம்' என்ற வரி, வலது இடது என்று தனித்தனி முடிவு இருந்தால் அதை மட்டும் இங்கே எழுதுங்கள். பெயரையும் போன் எண்ணையும் விட்டுவிடுங்கள். அதற்கு என்ன பொருள் என்று என்னால் சொல்ல முடியும்.